காகிதப்பூச் செடிக்கு உரமிடும் முறை

நாம் பால் வெட்டும் ரப்பர் மரத்திற்கும், நம் வீட்டு வாசலை அழகு செய்யும் காகிதப்பூச் செடிக்கும் தாயகம் தென் அமெரிக்காவே. 1877-ஆம் ஆண்டில் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்தடைந்தன. மலாய் மொழியில் 'புங்கா கெர்த்தாஸ்' எனப்படும் காகிதப்பூவும் அவ்வாறே அயல் மண்ணிலிருந்து வந்து நமதாகிவிட்ட செடியாகும்.

"செடி நன்றாகத் தழைத்திருக்கிறது, பூவைத்தான் காணோம்" என்று நம்மில் பலர் குறைபட்டுக்கொள்கிறோம். உடனே இன்னும் ஒரு பிடி உரத்தை அள்ளிப் போடுகிறோம். இலைதான் பெருகுகிறது, உழைத்துச் சேர்த்த காசும் வீணாகிறது. இதற்குக் காரணம் என்ன?

உரப் பையின்மீது மூன்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதல் எண் இலையையும் தண்டையும் வளர்க்கும் தழைச்சத்தைக் குறிக்கும். இரண்டாவது, வேர் வளரத் துணைபுரியும் மணிச்சத்து. மூன்றாவது, பூவுக்கும் செடியின் வலிமைக்கும் வேண்டிய சாம்பல் சத்து. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து உண்டு. மற்ற இரண்டும் இல்லை. ஆகவே, பூச்செடிக்கு யூரியாவைத் தவிர்த்து, 12:12:17 போன்று மூன்றாம் எண் உயர்ந்த உரத்தை இடுதல் நன்று.

ஓரடி அகலமுள்ள பூச்சட்டிக்கு மாதம் ஒரு தேக்கரண்டி உரம் போதும். ரப்பர்க் கன்றுக்கு இடுவதைப் போலவே, தண்டை ஒட்டிக் குவிக்காமல், விலகி வட்டமாகத் தூவுதல் வேண்டும். மண் ஈரமாக இருக்கும்போது இட்டு, பின்னர் சிறிது நீர் ஊற்றுவோம். காய்ந்த மண்ணில் இட்டால் வேர் கருகும்; இலை ஓரங்கள் பழுப்பாகிக் காயும். பெருமழைக்கு முன் இட்டாலோ உரம் கரைந்து ஓடிவிடும்.

காகிதப்பூ புதிய தளிர்களிலேயே பூக்கும். எனவே, ஒரு முறை பூத்து ஓய்ந்ததும் கிளை நுனிகளை வெட்டிவிட்டு உரமிடுவது பொருத்தமாகும். முட்களில் கவனம் தேவை. நாள்தோறும் ஆறு மணி நேரமாவது செடியின்மேல் வெயில் பட வேண்டும். மேல்மண் காய்ந்த பின்னரே நீர் ஊற்ற வேண்டும். சிறிது வறட்சியே இச்செடியைப் பூக்கத் தூண்டும்.

எஞ்சிய உரத்தை உணவுப் பொருள்களோடு வைத்தல் ஆகாது. மூடியுள்ள கலத்தில் இட்டு, பெயரெழுதி, குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைப்போம்.

செடி பூக்கவில்லையெனில், உரப் பையை நாடுமுன் வெயிலையும் நீரையும் எண்ணிப் பார்ப்போமாக. அளவறிந்து இடும் ஒரு தேக்கரண்டி உரம், அளவறியாது கொட்டும் ஒரு பிடி உரத்தினும் மேலானது.