இதயம் வரையும் கோடு

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்துள்ளது தேவாரம் என்னும் பேரூர். மலைமேலுள்ள ஏலத்தோட்டங்களில் உழைப்போர் அவ்வூரிலும் அண்டை ஊர்களிலும் மிகப் பலர். ஏற்றத்தில் சுமையுடன் நடக்கும் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், அதனை வாயுப் பிடிப்பு என்று கருதிச் சுக்குக் கஷாயம் பருகிப் படுத்துக்கொள்வது நாட்டு வழக்கம். வலி வாயுவினாலும் வரலாம்; இதயத்திற்குக் குருதி கொணரும் குழாய் அடைபட்டதனாலும் வரலாம். வெளித் தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலிருக்கும். அவற்றைப் பிரித்தறிய முதற்கண் துணைபுரிவது இ.சி.ஜி. எனப்படும் இதய மின்வரைவு ஆகும்.

இதயம் சுருங்குமுன் அதன் தசைகளில் நுண்ணிய மின்னோட்டம் பரவுகின்றது. அது வலப்புற மேலறையில் தோன்றி, மேலறைகள் இரண்டிலும் பரவி, இடையே சிறிது தயங்கிப் பின்னர்க் கீழறைகளுக்குப் பாய்கின்றது. ஆலந்து நாட்டறிஞர் வில்லெம் ஐந்தோவன், காந்தத்தின் நடுவே மெல்லிய படிக இழையொன்றைக் கட்டி, அம்மின்னோட்டத்தால் இழை அசைவதைப் படமாக்கினார். அந்நாளில் நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்க் கலங்களில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்க வேண்டும்! 1924ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பி, கியூ, ஆர், எஸ், டி என அலைகளுக்கு அவர் இட்ட பெயர்களே இன்றும் வழங்குகின்றன. பி மேலறைகளின் அலை. நடுவில் ஓங்கி நிற்பது கீழறைகளின் அலை. டி, கீழறைகள் மீண்டும் ஓய்வுநிலை எய்துவதைக் காட்டுவது. தாளிலுள்ள பெரிய கட்டம் ஒன்று 0.2 நொடியைக் குறிக்கும். துடிப்பு ஒழுங்காக இருப்பின், அடுத்தடுத்த இரு ஆர் முனைகளுக்கு இடைப்பட்ட பெரிய கட்டங்களை எண்ணி, 300ஐ அவ்வெண்ணால் வகுத்தால் நிமிடத் துடிப்பு வரும். நான்கு கட்டமெனில் 75.

இனி, மாறுபட்ட கோடுகளைக் காண்போம். பி அலை மறைந்து, ஆர் முனைகள் ஒழுங்கின்றிச் சிதறியிருப்பின், மேலறைகள் சுருங்காமல் நடுங்குகின்றன என்பது பொருள். முதுமை, உயர்ந்த குருதியழுத்தம், தைராய்டுச் சுரப்பின் மிகுதி, இளமையில் வந்த கீல்வாதக் காய்ச்சலால் பழுதுற்ற வால்வு ஆகிய யாவும் இதற்குக் காரணமாகலாம். மேலறை அலையும் கீழறை அலையும் தொடர்பின்றித் தத்தம் போக்கில் சென்றால், மின்வழி அடைபட்டுள்ளது எனலாம். டி அலை கூர்ங்கூடாரம்போல் உயர்ந்தால், குருதியில் பொட்டாசியம் மிகுந்திருக்கக்கூடும்; சிறுநீரகம் பழுதுற்றோரிடம் இதனைக் காணலாம்.

எஸ் அலைக்கும் டி அலைக்கும் இடையிலுள்ள கோடு மேலெழுந்து நிற்றலே மருத்துவர் மிகவும் அஞ்சுவது. குழாய் முற்றும் அடைபட்டு இதயத்தசை மடியத் தொடங்கியதை அது காட்டக்கூடும். எனினும், இதயவுறை அழற்சியிலும் அக்கோடு எழும். நலமுள்ள இளைஞர் சிலரிடமும் சிறிது எழுந்திருக்கும். மாரடைப்பின் தொடக்கத்தில் வரைவு செம்மையாகத் தோன்றுவதும் உண்டு. ஆகவே வலி நீங்காதவரிடம் மீண்டும் மீண்டும் வரைவு எடுப்பர். கை நடுங்கினாலும், இரு கைக்குரிய கம்பிகள் இடம் மாறினாலும் கோடு பொய் சொல்லும்! நோயாளியைப் பாராது தாளை மட்டும் பார்ப்பவர் பாதியே அறிந்தவராவர்.

1905இலேயே ஐந்தோவன், ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனை நோயாளிகளின் வரைவைத் தொலைபேசிக் கம்பிவழியே தம் ஆய்வுக்கூடத்தில் பெற்றார். தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை நடந்த முயற்சியொன்றில், மாரடைப்புற்றோரின் வரைவுகள் சிறு மருத்துவமனைகளிலிருந்து பெரிய மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டன. நோயாளிகளை உரிய காலத்தில் அங்குச் சேர்க்கவும் ஏற்பாடு செய்யப்பட்டது. ஓராண்டிற்குள் இறந்தோர் நூற்றுக்கு 17.6 என்றிருந்தது 14.2 ஆகக் குறைந்தது. 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, ஆரம்பச் சுகாதார நிலையங்களிலேயே, குருதி உறைதலைத் தடுக்கும் ஆஸ்பிரின் முதலிய மாத்திரைகளை முதல் வேளைக்குக் கொடுத்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகின்றனர். தேவாரத்தார் போடியைக் கடந்து, தேனியையும் தாண்டி, க.விலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அடைய வேண்டும். அத்தனை நேரமும் தசை மடிந்துகொண்டே இருக்குமாதலின், வண்டி ஏறுமுன் விழுங்கும் அம்மாத்திரைகளின் அருமை அவ்வழியை அறிந்தோர்க்கு நன்கு விளங்கும்.