செக்-இன் செய்யச் சொல்லுமுன்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர் நல அலுவலக வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் பலரும் ஒரே யோசனையோடு வருகிறார்கள். மாணவர்கள் தாங்கள் இருக்கும் இடத்தைப் போனில் பதிவு செய்தால், அதாவது ‘செக்-இன்’ செய்தால், பரிசு என்று அறிவித்துவிட்டால் போதும், நிகழ்ச்சிக்குக் கூட்டம் தானே வந்துவிடும் என்பார்கள். சில நேரம் வரும். பல நேரம் பீட்சா மட்டும் மிஞ்சும். உங்களுக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவன் என்ற உரிமையில் சில வார்த்தைகள்.

1. இந்தப் பழக்கம் எங்கே பிறந்தது என்று பாருங்கள். டென்னிஸ் கிரவுலி நியூயார்க் பல்கலைக்கழகத்தில் படித்தபோது ‘டாட்ஜ்பால்’ என்ற சேவையை நண்பர் ஒருவரோடு சேர்ந்து உருவாக்கினார். இருக்கும் இடத்தைக் குறுஞ்செய்தியில் அனுப்பினால், பக்கத்தில் உள்ள நண்பர்களுக்கு அது சொல்லிவிடும். கூகுள் 2005இல் அதை வாங்கி, 2009இல் மூடியது. அதே 2009 மார்ச்சில் கிரவுலியும் நவீன் செல்வதுரையும் (பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருகிறீர்கள், தெரிகிறது) இதே செக்-இன் வேலைக்கு ‘ஃபோர்ஸ்கொயர்’ செயலியை வெளியிட்டார்கள். மாணவன் செக்-இன் செய்வது நண்பன் பார்ப்பதற்காக. உங்கள் அலுவலகத்தின் ஆண்டறிக்கைக்காக யாரும் போனை எடுக்க மாட்டார்கள்.

2. தலையை எண்ணுங்கள். 2010 ஜனவரியில் ஹார்வர்ட் ஃபோர்ஸ்கொயருடன் கைகோத்ததும் மற்ற கல்லூரிகளும் பின்னால் ஓடின. அதே ஆண்டில் பியூ ஆய்வு மையம் கணக்கெடுத்தபோது, இணையம் பயன்படுத்தும் அமெரிக்கப் பெரியவர்களில் இத்தகைய சேவைகளைப் பயன்படுத்தியவர்கள் 4 சதவீதம்தான். 18 முதல் 29 வயதுக்காரர்களிலும் 8 சதவீதம். மாநாட்டு மேடைகளில் கேட்ட பேச்சுக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை. உணவுக்கூடத்தில் நாலு மேசையில் உட்கார்ந்து, எந்தச் செயலியைத் திறக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள்.

3. செயலி தரும் ‘பேட்ஜ்’ பதக்கத்தைவிடக் குறிப்பு பெரிது. செக்-இன் செயலிகளில் எனக்கு மெய்யாகவே பிடித்தது இந்த ஒன்றுதான்: ஓர் இடத்துக்குப் போனவர் அடுத்து வருபவருக்கு இரண்டு வரி எழுதி வைக்கலாம். நூலகப் பக்கத்தைத் திறக்கிறான் முதலாண்டு மாணவன். “மூன்றாம் மாடி, வடக்கு ஜன்னல் ஓரம். அங்கேதான் பிளக் பாயின்ட் வேலை செய்யும்.” கீழே இன்னொன்று: “பிரின்டர் வரிசை பத்து மணிக்கு மேல் நீளும், முன்னாடியே எடுத்துடு.” அவன் பையைத் தூக்கிக்கொண்டு நேரே வடக்கு ஜன்னலுக்குப் போகிறான். புதிய மாணவர் வாரத்தில் நாம் அச்சடிக்கும் வழவழ கையேடு இந்த வேலையைச் செய்ததே இல்லை. மூத்த மாணவர்களிடம் கேட்டு வாங்கி, அவர்கள் பேச்சிலேயே போடுங்கள். “எமது நூலகம் சிறந்த வசதிகளை வழங்குகிறது” என்று எழுதினால் அந்தப் பக்கமே செத்துப்போகும்.

4. செயலியில் ஒரே நூலகம் நாலு பெயரில், நாலு எழுத்துப்பிழையோடு பதிவாகியிருக்கும். விளம்பரத்துக்கு முன் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

5. பட்டம் ஒருவனுக்கே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடந்த 60 நாட்களில் ஓர் இடத்துக்கு அதிக நாட்கள் வந்தவரை ஃபோர்ஸ்கொயர் ‘மேயர்’ ஆக்கியது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நூலகத்திலேயே குடியிருக்கும் முனைவர் பட்ட மாணவர் ஒருவர் நாற்காலியைப் பிடித்துவிட்டால், மற்றவர்கள் போட்டியை மறந்துவிடுவார்கள். 2014இல் ஃபோர்ஸ்கொயரின் செக்-இன் ‘ஸ்வார்ம்’ என்ற தனிச் செயலியாகப் பிரிந்தபோது, மேயர் போட்டியை நண்பர் வட்டத்துக்குள்ளேயே வைத்துப் பார்த்தார்கள். நீங்களும் விடுதித் தளத்துக்குத் தளம், மன்றத்துக்கு மன்றம் என்று சிறு வட்டங்களாக வையுங்கள். பரிசும் கடையில் கிடைக்காததாக இருக்கட்டும்: தேர்வு வாரத்தில் பெயர் எழுதி ஒதுக்கிய ஒரு மேசை, கூடைப்பந்து ஆட்டத்தில் முதல் வரிசை இடம். லோகோ போட்ட தண்ணீர் பாட்டில் எல்லோர் அறையிலும் ஏற்கெனவே மூன்று கிடக்கிறது.

6. செக்-இன்னை வருகைப் பதிவேடாக மாற்றாதீர்கள். ஒரு பேராசிரியர் நிச்சயம் வந்து கேட்பார். அன்போடு மறுத்துவிடுங்கள். செக்-இன்னுக்கு மதிப்பெண் வந்த மறுநாளே, பையன் கட்டிலில் படுத்தபடி வகுப்பில் இருப்பான். ஜி.பி.எஸ். கட்டிடத்துக்குள் தடுமாறும் என்பது உங்களைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

7. இதில் மட்டும் நான் கண்டிப்பானவன். விடுதிகளைப் பரிசுப் போட்டியில் சேர்க்காதீர்கள், ராத்திரி செக்-இன்னுக்குக் கூடுதல் புள்ளி தராதீர்கள். 2010 பிப்ரவரியில் ‘பிளீஸ் ராப் மீ’ என்ற தளம், ஊரறியப் போட்ட செக்-இன்களைத் திரட்டி, யார் வீட்டில் இல்லை என்று காட்டி எச்சரித்தது. 2012இல் ‘கேர்ள்ஸ் அரவுண்ட் மீ’ என்ற செயலி ஃபோர்ஸ்கொயர், ஃபேஸ்புக் தகவல்களைக் கோத்து, பக்கத்தில் எந்தெந்தப் பெண்கள் இருக்கிறார்கள் என்று படத்தோடு வரைபடத்தில் வைத்தது. ஃபோர்ஸ்கொயர் தன் தகவலை நிறுத்தியதும்தான் அது கடையை மூடியது. அந்தப் பெண்கள் யாரும் தவறு செய்யவில்லை. காபி குடிக்கப் போனதைச் சொன்னார்கள், அவ்வளவுதான். எனவே போட்டிக்குப் பெயர் கொடுக்கும் மேசையிலேயே ஒருவரை உட்கார வைத்து, யார் யார் பார்க்கலாம் என்ற அமைப்பை மாணவர் கண் முன்னால் மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். ‘இடத்தை விட்டுக் கிளம்பும்போது பதிவு செய்’ என்பதையும் சொல்லித் தரலாம். விலகி நிற்க விரும்பும் மாணவிக்கு அதே பரிசு கிடைக்க வேறு வழி வையுங்கள், காரணம் கேட்காதீர்கள்.

8. செயலியை நம்பி ஆண்டுத் திட்டம் போடாதீர்கள். ஃபோர்ஸ்கொயருக்குப் போட்டியாக நின்ற ‘கோவாலா’ 2012இல் மறைந்தது. ஃபோர்ஸ்கொயரின் நகர வழிகாட்டிச் செயலியே 2024 டிசம்பரில் மூடப்பட்டது, ஸ்வார்ம் மட்டும் மிச்சம். இடையில் 2017இல், நண்பர் இருக்கும் இடத்தைத் தானாகவே காட்டும் ஸ்னாப்சாட் வரைபடம் வந்து, செக்-இன் பொத்தானை அழுத்தும் வேலையையே பலருக்கு இல்லாமல் செய்துவிட்டது. மாணவர்கள் எழுதிய குறிப்புகளை மட்டும் பருவந்தோறும், பெயர்களை நீக்கிவிட்டு, உங்கள் கணினியில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். வடக்கு ஜன்னல் பிளக் பாயின்ட் இன்னும் வேலை செய்கிறதா என்று ஆகஸ்டில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு, புதிதாக வருபவர்களிடம் கொடுங்கள்.