கொல்லிமலையில் ஒரு காலி நாற்காலி

"யோசிச்சுப் பேசு" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆசிரியர் வேலைக்கு வந்தபின் அந்தப் பழக்கம் இன்னும் இறுகிவிட்டது. கேள்வியும் தெரியும், பதிலும் தெரியும், எந்தப் பிள்ளை கை தூக்கும் என்பதும் தெரியும். கொல்லிமலையில் தங்கிப் பெற்ற சைக்கோடிராமா பயிற்சி அந்த வரிசையைப் புரட்டிப் போட்டது. முதலில் உடம்பு அசைய வேண்டும், பிறகு வாய். யோசனை கடைசியில் வந்தால் போதும்.

மனதில் இருப்பதை நடித்துப் பார்க்கும் இந்த உளச்சிகிச்சை முறையை உருவாக்கியவர் ஜேக்கப் மொரீனோ. 1889-ல் புக்காரெஸ்டில் பிறந்து வியன்னாவில் மருத்துவம் படித்தவர். 1920-களில் அங்கே அவர் நடத்திய அரங்கில் நடிகர்கள் கையில் வசனத் தாளே இருக்காது. அன்றைய செய்தித்தாளில் வந்த சம்பவத்தை அங்கேயே நடிப்பார்கள். பிறகு அமெரிக்கா போய், 1936-ல் பீக்கன் என்ற ஊரில் மனநல விடுதியும் அதற்கென்று ஒரு மேடையும் அமைத்தார். புதிய சூழலில் பொருத்தமாக நடப்பது, பழகிப்போன சூழலில் புதிதாக நடப்பது, இரண்டையும் சேர்த்தே அவர் தன்னியல்பு என்றார். வாய்க்கு வந்ததைப் பேசுவதற்கு அதில் இடமில்லை. நம் தெருக்கூத்தில் கட்டியங்காரருக்குக் கதை முழுக்க மனப்பாடம். ஆனாலும் முன்வரிசையில் குழந்தை அழுதால் அந்த அழுகையையும் கதைக்குள் இழுத்துக்கொள்வார். மொரீனோ சொன்னது எனக்கு விளங்கியது அவரை நினைத்துத்தான். பாணருக்கும் கூத்தருக்கும் அள்ளிக் கொடுத்த வல்வில் ஓரியின் கொல்லிமலையில் இந்த முறையைக் கற்றதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

பயிற்சியில் யாரும் நேராக மேடை ஏறுவதில்லை. அதற்கு முன் வார்ம்-அப் உண்டு. கூடத்தையே தமிழ்நாட்டு வரைபடமாக வைத்துக்கொண்டு அவரவர் பிறந்த ஊரில் போய் நிற்கச் சொன்னார்கள். நாகர்கோவில்காரர் சமையலறை வாசலுக்குப் போய்விட்டார். நாமக்கல்காரர்கள் நடுவில் நெருக்கியடித்து நின்றோம். சிரிப்பு வந்ததும் கூச்சம் பாதி கரைந்தது. பலரும் இந்தப் பகுதியை விளையாட்டு என்று நினைத்து அவசரமாகக் கடக்கப் பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் பயிற்சியின் பாதிப் பலன் இங்கேதான் இருக்கிறது. உடம்பு இளகாதவரிடம் "படைப்பாற்றலோடு செய்" என்றால் மனப்பாடம்தான் வெளியே வரும்.

அடுத்து, கண்ணில் பட்ட ஏதாவது ஒரு பொருளாக மாறிப் பேச வேண்டும். ஒருவர் மிளகுக்கொடி ஆனார், ஒருவர் பலாமரம். ஓர் அம்மா, காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிவரும் பஸ்ஸாக மாறினார். "ஒவ்வொரு வளைவுலயும் எல்லாரும் என் மேலயே சாயறாங்க. நான் யாரு மேல சாயறது?" என்றவர் அப்படியே நின்றுவிட்டார். பஸ்ஸைப் பற்றித்தான் பேசத் தொடங்கினார். அவர் சம்மதம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். அரங்கில் பேசியது அரங்கைத் தாண்டக் கூடாது என்பது முதல் விதி. அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் யாருக்கும் தன்னியல்பு வராது.

என் முறை வந்தபோது வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவியைக் காலி நாற்காலியில் இருத்திப் பேசினேன். "இப்ப இடம் மாறுங்க" என்றார் பயிற்சியாளர். அவள் நாற்காலியில் அவளைப் போலவே தோளைக் குறுக்கி உட்கார்ந்தேன். என் இடத்தில் நின்ற தோழி, நான் கேட்டதை அப்படியே என்னிடம் கேட்டார். "நான் பேசினா எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க டீச்சர்" என்று என் வாயிலிருந்து வந்தது. அந்த நாற்காலியில் உட்காரும்வரை எனக்குத் தோன்றாத பதில் அது. ஆனால் அதை அவளுடைய பதில் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது என் ஊகம், அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பி அவளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது.

காட்சி முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து பகிர்வோம். அறிவுரைக்கும் அலசலுக்கும் அனுமதி இல்லை. "என் வாழ்க்கையில் இது எங்கே தொட்டது" என்று மட்டுமே சொல்லலாம். ஆசிரியர்களுக்கு இது பெரிய சோதனை. ஆனால் விமர்சனம் வராது என்று தெரிந்த கூட்டத்தில், முதல்நாள் ஓரமாக ஒதுங்கி நின்றவர்கள்கூடத் தாமாக முன்வந்ததைப் பார்த்தேன்.

வீட்டிலும் வகுப்பிலும் செய்து பார்க்க விரும்புவோர் சின்னதாகத் தொடங்குங்கள். பாடத்தில் வரும் ஆறாகவோ தினைக்கதிராகவோ மாறிப் பிள்ளைகள் இரண்டு வாக்கியம் பேசட்டும். எழுந்து நின்று, கை காலை அசைத்துப் பேசட்டும். சரி, தப்பு சொல்லாதீர்கள். வீட்டுச் சண்டையில் கணவனும் மனைவியும் நாற்காலி மாறி உட்கார்ந்து, மற்றவர் தரப்பைத் தன் வாயால் சொல்லிப் பார்க்கலாம். மரணம், வன்முறை, சிறுவயதுக் காயம் போன்றவற்றை மட்டும் வீட்டில் நடித்துப் பார்க்க வேண்டாம். கிளறியதை ஆற்றி மூடவும் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு சைக்கோடிராமா நடத்தப் பயிற்சி பெற்றவர் கட்டாயம் தேவை.