குழந்தைகளின் இழுப்பு நோயும் மூச்சுப் பரிசோதனையும்

கங்கைகொண்டான் முதலிய நமது கிராமங்களில் சிறு குழந்தை இரவில் இருமி, மார்பில் ஓசையெழ இளைத்தால், "வெறும் சளிதான், வளர்ந்தால் போய்விடும்" என்று சொல்லிவிடுகிறோம். பல குழந்தைகளுக்கு அவ்வாறே நின்றுவிடுகிறது; சிலருக்கு ஆஸ்துமாவாக நிலைத்துவிடுகிறது. இவற்றைப் பிரித்தறிவது எவ்வாறு?

நுரையீரலின் கொள்ளளவை அளக்கும் ஸ்பைரோமீட்டர் கருவியை ஹட்சின்சன் என்னும் ஆங்கில மருத்துவர் 1846-இல் விளக்கி வெளியிட்டார். ஆழ்ந்து மூச்சிழுத்து, முழு வேகத்துடன் அதில் ஊதவேண்டும். பின்னர் மூச்சுக்குழலை விரிக்கும் மருந்தை உள்ளிழுக்கச் செய்து, சுமார் 15 நிமிடம் கழித்து மீண்டும் ஊதச் சொல்வர். முதல் விநாடியில் வெளிவரும் காற்று 12 சதவீதத்திற்கு மேல் கூடினால், அது ஆஸ்துமாவுக்கு வலுவான சான்றாகும்.

ஆனால், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் சொன்னபடி ஊத அறியார். ஆகவே அவ்வயதில் தாய் கூறும் விவரமே மருத்துவருக்கு முதற்கருவி. இளைப்பு வந்த நாள், இரவா பகலா, புகையாலா ஓட்டத்தாலா, எம்மருந்தால் தணிந்தது என்பவற்றை ஒரு நோட்டில் குறித்து வைத்தல் வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர் இதற்கு உதவலாம்.

ஒன்றை மறத்தலாகாது. நோய் தணிந்திருக்கும் நாளில் பரிசோதனை சரியாகவே காட்டக்கூடும். அதனால் நோயில்லை என்று எண்ணி, மருந்தைத் தாமே நிறுத்தலாகாது. மூச்சிழுக்கையில் விலா உள்வாங்கினாலோ, உதடு நீலம் பூத்தாலோ உடனே 108-ஐ அழைத்தல் வேண்டும்.

பள்ளியருகே குப்பை எரிப்பதைத் தடுப்பது பஞ்சாயத்து அங்கத்தினர்களின் கையிலுள்ளது. அதனை இம்மாதமே தொடங்குவோமாக.