உழவு இயந்திரம் ஸ்ராட் ஆகாவிட்டால்

இடம்பெயர்வால் நெடுநாள் ஓடாமல் நின்ற நான்கு சில்லு உழவு இயந்திரத்தில் பற்றறி தானாகவே இறங்கும், முனைகளும் பூத்துவிடும். விதைப்பு நெருங்க, புதுப் பற்றறிக்குக் கடன் தேடி ஓடுகிறோம். அதற்குமுன் நாமே சோதித்துப் பார்ப்போம்.

1. கியரை நியூற்றலில் விட்டு, முன் லைற்றைப் போடுவோம். ஒருவர் திறப்பைத் திருப்ப, மற்றவர் வெளிச்சத்தைக் கவனிக்கட்டும்.

2. வெளிச்சம் மிகவும் மங்கினால், பெரும்பாலும் பற்றறி இறங்கியிருக்கும். அல்லது முனைகளில் பிடிப்பிராது. நெகற்றிவ் வயரை முதலில் கழற்றி, அப்பச்சோடா கரைத்த நீரால், பற்றறிக்குள் இறங்காமல், முனைகளைத் துடைப்போம். பூட்டும்போது நெகற்றிவ் கடைசி. அருகில் நெருப்பு ஆகாது.

3. வெளிச்சம் மங்காமலும் ஸ்ராட்டர் சுற்றாமலும் இருந்தால், பியூஸ், திறப்புச் சுவிச், சொலனொயிட், அவற்றின் வயர்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

4. மீற்றர் இருந்தால் அளப்போம். சில மணிநேரம் ஓய்ந்திருந்த 12 வோல்ற் பற்றறி, நிறைந்திருந்தால் ஏறத்தாழ 12.6 காட்டும், 12க்குக் குறைந்தால் சார்ஜ் ஏற்றுவோம்.

5. இயந்திரம் ஓடும்போது அளவு ஏறத்தாழ 14க்கு உயர வேண்டும். உயராவிட்டால் சார்ஜ் ஏற்றும் பகுதியிலேயே பழுது. அதைத் திருத்தாமல் பூட்டினால் புதுப் பற்றறியும் சில நாளில் இறங்கிவிடும். கடன் மட்டும் மிஞ்சும்.

பழுது எதுவென அறிந்தபின் பணத்தைச் செலவிடுவோம்.