ஒரே வாரத்தில் ஒரு பாட்டு நாடகம்

கேள்வி: வெளியூர் நாடகக் குழு ஒன்று வந்து, நம் ஊர்ப் பிள்ளைகளை வைத்து ஒரே வாரத்தில் நாடகம் போட முடியுமா? (ஓர் ஆசிரியை, தேனி)

பதில்: தாராளமாக முடியும். அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் உள்ள மிசூலா சிறுவர் நாடகக் குழு இதைப் பல்லாண்டுகளாகச் செய்துவருகிறது. 1970-இல் தொடங்கிய குழு அது. ஒருமுறை ‘ஸ்னோ ஒயிட்’ நாடகத்தை வெளியூருக்குக் கொண்டுபோனபோது, அந்தக் கதையில் வரும் ஏழு குள்ளர்களாக நடிக்க அந்த ஊர்ப் பிள்ளைகளையே தேர்ந்தெடுத்தார்கள். அதுவே அவர்கள் வழிமுறையானது.

அரங்கப் பொருள்களையும் உடைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருபவர்கள் இரண்டே பேர். திங்களன்று நடிகர் தேர்வு. ஐம்பது, அறுபது பிள்ளைகளுக்கு வேடம் உண்டு. தினமும் பள்ளி விட்டதும் ஒத்திகை; வாரக் கடைசியில் மேடையேற்றம். வந்த இருவரில் ஒருவர் பிள்ளைகளோடு சேர்ந்து நடிப்பார். யாராவது தடுமாறினால் மேடையிலேயே கைகொடுப்பார். சின்னஞ்சிறுசுகளுக்குக் கூட்டமாக ஆடிப் பாடும் வேடங்கள். வசனத்தைவிடப் பாட்டு சீக்கிரம் மனத்தில் பதியும் அல்லவா!

கூச்சப்படும் குழந்தையும் நாலு பேர் முன்னால் குரலெடுத்துப் பாடும். தன் முறை வரும்வரை காத்திருக்கவும் கற்கும். நாடகத்தின் உண்மையான பலன் அதுதான்.

உங்கள் பள்ளியிலும் தெரிந்த கதை ஒன்றை எடுங்கள், எளிய மெட்டில் பாட்டுக் கட்டுங்கள், ஒரு வாரம் ஒதுக்குங்கள். ஒரு பிள்ளையைக்கூட வெறுமனே வேடிக்கை பார்க்க விடாதீர்கள்.