டவரடிப் பெட்டியைப் புத்தூரிலிருந்து பார்ப்பது எப்படி?

பிங் பதில் நின்றுவிட்டால் லிங்க் போய்விட்டது என்று தெரியும். எதனால் என்று தெரியாது. ஈபி போனதா, பேட்டரி படுத்துவிட்டதா, ரேடியோ தொங்குகிறதா, எலி கேபிளைக் கடித்ததா? ஒன்றும் தெரியாமலே திருச்சி புத்தூர் நால்ரோட்டிலிருந்து ஒரு பையன் பைக்கை எடுத்துக்கொண்டு குழுமணிப் பக்கம் கிளம்புவான். பையில் கிரிம்பிங் டூல் இருக்கும். அங்கே தேவைப்படுவது பேட்டரியாக இருக்கும். வயர்லெஸ் இணையம் கொடுக்கும் நிறுவனங்கள் டவரடியில் வைக்கும் கண்காணிப்புப் பலகை, அவன் கிளம்புவதற்கு முன்பே பையில் எதை வைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். அதுதான் அதன் வேலை. பழைய பலகையை மாற்றப்போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டால், கடைக்காரர் காட்டும் வசதிகளில் பாதி வேண்டாம் என்பது விளங்கிவிடும்.

இதில் நம் பக்கத்திலேயே ஒரு நல்ல பாடம் உண்டு. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டார ஊர்களின் கண் பரிசோதனை மையங்களோடு பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெடுந்தூர வைஃபை லிங்குகளால் இணைத்தார்கள். அந்த அனுபவத்தையும் மற்ற ஊர்களின் அனுபவத்தையும் சேர்த்து 2008-ல் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். ரேடியோவை விட மின்சாரம்தான் அவர்களை அதிகம் படுத்தியது. கிராமத்து மின்சாரம் 70 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியது, 350-க்கு மேலே ஏறியது, நொடிப்பொழுதில் 1000 வரை தாவியது. மின்னழுத்தம் குறைந்தபோது ரூட்டர்கள் அணையவும் இல்லை, ஓடவும் இல்லை, நடுவில் தொங்கின. அழுத்தம் இறங்கினால் இணைப்பைத் துண்டிக்கும் சுற்று, தொங்கினால் தட்டி எழுப்பும் வாட்ச்டாக், நாம் கேட்கக் காத்திராமல் தானே தகவல் அனுப்பும் கருவி என்று அவர்கள் போய்ச் சேர்ந்த தீர்வுகள் இன்றைக்கும் அப்படியே பொருந்தும்.

முதலில் நோட்டும் மீட்டரும்

எதையும் வாங்குவதற்கு முன் ஒவ்வொரு இடத்துக்கும் மல்டிமீட்டர், கிளாம்ப் மீட்டரோடு போய் வாருங்கள். பேட்டரி 12 வோல்ட்டா, 24-ஆ, 48-ஆ? ஈயமா, லித்தியமா? எந்தத் துருவம் எர்த் ஆகியிருக்கிறது? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, அதில்தான் ஆபத்து அதிகம். செல்போன் டவர் பழக்கத்தில் பாசிட்டிவ் எர்த் ஆகியிருக்கும். சிறு நிறுவனங்களின் மொட்டைமாடிப் பெட்டியில் பெரும்பாலும் நெகட்டிவ். ஏலத்தில் மலிவாக வந்த டெலிகாம் ரெக்டிஃபையரோடு புதுப் பலகையை அப்படியே இணைத்தால், ஷீல்டு போட்ட ஈதர்நெட் கேபிள் வழியாகவே ஷார்ட் ஆகும்.

பழைய பலகையின் ஈதர்நெட் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கையால் அசெம்பிள் செய்த பலகைகளில் இஎன்சி28ஜே60 என்ற சிப் நிறைய உண்டு. அது 10 எம்பிபிஎஸ் மட்டும், அதுவும் ஆட்டோ நெகோஷியேஷன் கிடையாது. ஸ்விட்சைப் புதிதாக்கிவிட்டுப் பலகையை அப்படியே விட்டால், வேகமான சில போர்ட்டுகளில் லிங்க் லைட்டே எரியாது. ஸ்விட்ச் மாற்றும் எண்ணம் இருந்தால் இரண்டையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

எதை அளப்பது?

நான்கு விஷயம் போதும்: பேட்டரி வோல்ட், பேட்டரிக்குள் போகிற வருகிற ஆம்பியர், பேட்டரியின் சூடு, ஈபி இருக்கிறதா இல்லையா. கதவு திறந்ததைச் சொல்லும் சுவிட்ச் ஐந்தாவது. காற்று வேகம், ஈரப்பதம் எல்லாம் ஆசைக்கு வைப்பது.

வோல்ட் அளக்கும் சிப்பைப் பார்த்து வாங்குங்கள். பொழுதுபோக்குக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஐஎன்ஏ226 பலகை 36 வோல்ட் வரைதான் தாங்கும். நான்கு ஈய பேட்டரிகளைத் தொடராக இணைத்த 48 வோல்ட் தொகுப்பு சார்ஜில் நிற்கும்போது சுமார் 54 வோல்ட். இணைத்த உடனே புகைதான். அந்த இடத்துக்கு 85 வோல்ட் வரை தாங்கும் ஐஎன்ஏ228 சரி.

ஈய பேட்டரிக்கு வோல்ட்டை வைத்தே ஓரளவு ஊகிக்கலாம். ஓய்வில் முழுச் சார்ஜ் என்றால் சுமார் 50.8, சுமையோடு 46-க்கு வந்தால் முடிந்தது. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் அந்தக் கணக்கு எடுபடாது. முக்கால் இருந்தாலும் கால் இருந்தாலும் மீட்டர் ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள்தான் அசையும், பிறகு திடீரென்று விழும். அங்கே ஆம்பியரைக் கூட்டிக் கழித்துத்தான் மிச்சம் தெரிய வரும். பேட்டரியின் பிஎம்எஸ்ஸில் ஆர்எஸ்485 போர்ட் இருந்தால் மோட்பஸ் வழியாக அதையே படியுங்கள், தனி ஷண்ட் செலவு மிச்சம். இல்லையென்றால் 50 ஆம்பியருக்கு 75 மில்லிவோல்ட் ஷண்ட் ஒன்றை நெகட்டிவ் பக்கம் போடலாம். போட்ட பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஷண்டுக்குப் போகும் ஒரே ஒரு வயர்தான் இருக்க வேண்டும். யாரோ ஒருநாள் அவசரத்துக்கு சிசிடிவி கேமராவை நேராக பேட்டரியில் மாட்டியிருப்பார்கள். அது எந்தக் கணக்கிலும் வராது.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஊர் திருச்சி என்பதால். சீல் செய்த ஈய பேட்டரியின் ஆயுள் 25 டிகிரிக்குக் கணக்கிட்டது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 8, 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். மே மாத மொட்டைமாடியில் இரும்புப் பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. டிஎஸ்18பி20 சென்சரைப் பெட்டிச் சுவரில் தொங்கவிடாமல் பேட்டரியின் உடம்பிலேயே ஒட்டுங்கள். சார்ஜரில் வெப்ப ஈடு வசதி இருந்தால் அதையும் இயக்குங்கள். ஒரு செல்லுக்கு டிகிரிக்குச் சுமார் 3 மில்லிவோல்ட் குறைய வேண்டும். 24 செல், 40 டிகிரி என்றால் 54 வோல்ட் 53 ஆக இறங்கும். இந்த ஒரு வோல்ட்டைக் கவனிக்காமல் விட்டுத்தான் பல பேட்டரிகள் கோடையில் உப்பிப்போகின்றன. பெட்டிக்கு மேலே ஒரு தகரக் கூரையும் சுண்ணாம்பு வெள்ளையும் எந்த சென்சரையும் விட அதிக பலன் தரும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஈபி இருப்பை அறிய 230 வோல்ட் காயில் ரிலே ஒன்று போதும். அதன் தொடுமுனையை மட்டும் பலகைக்குக் கொண்டுவாருங்கள். மெயின்ஸ் வயர் பலகைப் பக்கமே வரக் கூடாது.

ரிலேவும் ரீபூட்டும்

தொலைவிலிருந்து ரேடியோவை அணைத்து ஏற்றும் ரிலே பெரிய வசதி, தவறாக வயர் செய்தால் பெரிய தொல்லை. சாதாரணமாக மூடியிருக்கும் முனை வழியாகவே ரேடியோவுக்கு மின்சாரம் போகட்டும். பலகை செத்தாலும் ரேடியோ ஓடும். ரிலே மீது 10 ஆம்பியர் என்று எழுதியிருப்பது 250 வோல்ட் ஏசிக்கு. டிசியில் அதே ரிலே பெரும்பாலும் 30 வோல்ட் வரைதான். 48 வோல்ட் டிசியில் முனைகளுக்கிடையே தீப்பொறி நின்று ஒட்டிக்கொள்ளும். டிசிக்கென்று மதிப்பிட்ட ரிலே அல்லது மாஸ்ஃபெட் சுவிட்ச் வாங்குங்கள். நிலையாக அணைக்கும் கட்டளையே இருக்கக் கூடாது, பத்து வினாடி அணைத்துத் தானே ஏற்றும் கட்டளை மட்டும் போதும். இல்லையென்றால் கட்டளை போன பாதையையே அணைத்துவிட்டு, திரும்ப ஏற்ற பைக்கில்தான் போக வேண்டும்.

அழுத்தம் குறைந்தால் சுமையைத் துண்டிக்கும் சுற்றையும் இப்போதே சேர்த்துவிடலாம். 46-ல் துண்டித்தால் 51-க்கு மேல் வந்த பிறகே இணைக்கட்டும். இடைவெளி சிறிதாக இருந்தால் சுமை போனதும் வோல்ட் ஏறும், உடனே இணையும், மறுபடி துண்டிக்கும், விடியும் வரை இதே கூத்து. பலகை மட்டும் துண்டிப்புக்கு முன்பக்கம், பேட்டரியிலேயே நேராக ஒரு ஃபியூஸோடு இருக்க வேண்டும். ஒன்றிரண்டு வாட் தின்று எல்லோருக்கும் பிறகு தூங்கப் போவது அதுதான்.

தகவல் வரும் பாதை

லிங்க் போய்விட்டால் அந்த லிங்க் வழியாகவே ஏன் போனது என்று எப்படிச் சொல்லும்? முக்கியமான நாலைந்து இடங்களிலாவது சிம் போட்ட 4ஜி மோடம் வையுங்கள். பழைய சிம்900 மோடம் கையில் இருக்கிறதே என்று பார்த்தால், அது 2ஜி மட்டும். ஜியோ சிம் அதில் வேலை செய்யவே செய்யாது. செல்போன் நிறுவனங்கள் தரும் முகவரி பெரும்பாலும் பொது ஐபி அல்ல, வெளியிலிருந்து உள்ளே நுழைய முடியாது. அதனால் கருவிதான் வயர்கார்டு வழியாகவோ எம்க்யூடிடி வழியாகவோ நம் சர்வரை அழைக்க வேண்டும். தேனியில் அன்றைக்கே கண்ட வழி இது.

எஸ்என்எம்பி கேட்கும் கருவி என்றால் பாஸ்வேர்டு இன்னும் ‘பப்ளிக்’ என்றே இருக்கிறதா பாருங்கள். இருக்கும். மேலாண்மைக்கென்று தனி விலான், முடிந்தால் மூன்றாம் பதிப்பு எஸ்என்எம்பி. சர்வரில் லிப்ரேஎன்எம்எஸ், ஜாபிக்ஸ் இரண்டும் இலவசம், ஏதாவது ஒன்று போதும்.

ரேடியோ தானே தரும் சிக்னல் அளவையும் அதே வரைபடத்தில் பதியுங்கள். காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போகும் லிங்குக்கு இது அவசியம். ஆறு மணலாகக் கிடக்கும்போது ஒரு அளவு. மேட்டூர் திறந்து தண்ணீர் நிறைந்து ஓடும்போது நீர்ப்பரப்பின் பிரதிபலிப்பால் வேறொரு அளவு. அதைப் பேட்டரிக் கோளாறு என்று நினைத்து ஆள் அனுப்பக் கூடாது.

மாற்றும் நாள்

பழையதைக் கழற்றாமல் புதியதைப் பக்கத்திலேயே மாட்டுங்கள். எர்த் எல்லாம் ஒரே கம்பியில் சேரட்டும். வெளியே போகும் ஒவ்வொரு கேபிளுக்கும் சர்ஜ் தடுப்பான், சென்சர் வயருக்கும் சேர்த்து. நீளமான சென்சர் வயர் இடிமின்னலுக்கு நல்ல ஆண்டெனா. கேபிள் நுழையும் துளைகளை கிளாண்டு போட்டு அடையுங்கள். சூடாக இருக்கும் பெட்டி எறும்புக்கும் பல்லிக்கும் பிடித்த இடம்.

சோதனைக்கு நல்ல நாளை மின்வாரியமே குறித்துத் தருகிறது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு பேப்பரில் வரும். அந்தப் பகுதியில் மின்சாரம் போகும் முன்பு அங்கே ஒருவரை நிறுத்துங்கள். ஈபி போன தகவல் எத்தனை நிமிடத்தில் புத்தூருக்கு வருகிறது, சுமை எத்தனை ஆம்பியர், மணிக்கு எவ்வளவு வோல்ட் இறங்குகிறது என்று எழுதிக்கொள்ளட்டும். 100 ஏஎச் பேட்டரி 3 ஆம்பியர் சுமைக்குக் காகிதத்தில் 33 மணி நேரம் வரும். மூன்று கோடை பார்த்த பேட்டரி அதில் பாதி கொடுத்தால் அதிர்ஷ்டம். உண்மையான எண் அன்றைக்குத் தெரிந்துவிடும், எச்சரிக்கை அளவுகளை அதை வைத்து அமையுங்கள். ஈபி போன உடனே எல்லார் வாட்ஸ்அப்பிலும் மணி அடிக்க வேண்டாம். பதினைந்து நிமிடம் கழித்து ஒரு தகவல், 49-க்குக் கீழே போனால் ஒரு போன் அழைப்பு. இரவெல்லாம் கத்தும் கருவியை மூன்றாம் நாள் மியூட் செய்துவிடுவார்கள்.

குழுமாயி அம்மன் திருவிழா மாதிரி நாட்களில் புத்தூரை விட்டு வண்டி வெளியே போவதே கஷ்டம். அதற்கு முந்தைய வாரம் எல்லா இடத்தின் வரைபடத்தையும் ஒரு தடவை புரட்டி, இறங்குமுகமாக இருக்கும் பேட்டரியை முன்கூட்டியே மாற்றிவிடலாம். இரண்டு மின்தடைகளைப் புதிய பலகை சரியாகச் சொன்ன பிறகு பழையதைக் கழற்றுங்கள். கழற்றியதில் ஓடுகிற ஒன்றை, கன்ஃபிகரேஷன் எழுதிய சீட்டோடு, அந்தப் பைக் பையிலேயே போட்டு வையுங்கள்.